ஈரத்துணிகளுக்கு நடுவே ஒரு ஹார்ப்சிகார்ட்

போடியில் ஹார்ப்சிகார்ட் என்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்பவர்கள் ஞானதுரை வீட்டுத் தெருவுக்கு வந்து பார்க்க வேண்டும். பால்காரருக்குத் தெரியும், இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும், எதிர்வீட்டு மொக்கம்மாளுக்கு நன்றாகவே தெரியும். "ஈரம் பட்டா கெட்டுப்போற பொட்டி" என்பார்கள். அந்த வாத்தியத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. பார்வைக்குப் பியானோவின் ஒல்லியான தங்கச்சி. பியானோ தந்தியை அடிக்கும், இது சுண்டும். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன முள் எழுந்து, தந்தியைச் சுண்டிவிட்டு இறங்கும். முந்நூறு வருஷத்துக்கு முன்னால், பியானோ தலையெடுக்காத காலத்தில், ஐரோப்பாவின் அரண்மனைகளிலும் தேவாலயங்களிலும் இதைத்தான் வாசித்தார்கள். அந்தக் காலத்து இசைக்குப் பரோக் என்று பெயர். அதை மட்டுமே வாசித்துப் பிழைப்பது என்று உலகத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அந்தக் கொஞ்சம் பேரில் ஒருத்தி, ஏலக்காய் வியாபாரி ஞானதுரையின் மகள் பிரின்சி.

சர்ச்சில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை சென்னைக்குப் படிக்கப் போய், அங்கிருந்து ஹாலந்துக்குப் போய், பதினோரு வருஷம் அங்கேயே வாசித்தாள். பெரிய பெயர் என்று சொல்ல முடியாது. வயலின்காரரும் பாடகியும் முன்னால் நின்று கைத்தட்டு வாங்க, பின்னால் உட்கார்ந்து அவர்களைத் தாங்கிப் பிடிக்கிற வேலை. அவள் இருந்த குழு ஒருநாள் கலைந்தது. வேலை போனதும் அங்கே தங்குகிற உரிமையும் போயிற்று. ஆசை ஆசையாகச் செய்யச் சொல்லி வாங்கியிருந்த வாத்தியத்தைக் கப்பலில் கொச்சிக்கு அனுப்பி, கொச்சியிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். போடிமெட்டு வளைவுகளில் லாரி திரும்பும்போதெல்லாம் முன் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது தேனி, பெரியகுளம், மதுரை என்று கல்யாணங்களுக்குப் போய்ப் பிளாஸ்டிக் கீபோர்டு வாசிக்கிறாள். மணப்பெண் நடந்து வரும்போது வாசிக்கிற அந்த ஒரே மெட்டை நினைத்தாலே அவளுக்குக் குமட்டும்.

அந்த நேரத்தில்தான் ஜெர்மனியில் ஒரு பரோக் குழு நிரந்தரமாக ஒரு ஹார்ப்சிகார்ட் கலைஞரைத் தேடியது. பிரின்சி விண்ணப்பித்தாள், பதிவுகள் அனுப்பினாள், கடைசி மூவரில் ஒருத்தியாக வந்து நின்றாள். சனிக்கிழமை மதியம் வீடியோவில், சொந்த வாத்தியத்தில், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசித்துக் காட்ட வேண்டும். கிடைத்தால் வேலை, விசா, வாழ்க்கை எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். கிடைக்காவிட்டால் கல்யாண மண்டபம்தான். வயது முப்பத்தாறு. பரோக் உலகம் சின்னது. அதில் ஒருமுறை விட்டுப்போன ஆளை யாரும் திரும்பத் தேடி வருவதில்லை. இதையெல்லாம் நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்குவது நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது.

போதாததற்கு ஆடி மாதம். மலைக் கணவாயிலிருந்து காற்று கூச்சலிட்டுக்கொண்டு இறங்கும், கூடவே சாரல் வரும். தந்திகளுக்குக் கீழே ஒரு மெல்லிய மரப்பலகை உண்டு. சத்தத்துக்கு உயிர் கொடுப்பது அதுதான். காற்றில் ஈரம் ஏறினால் பலகை உப்பும், சுருதி ஏறிவிடும். ஈரம் குறைந்தால் இறங்கிவிடும். அதனால் தினமும் காலையில் பிரின்சி சுருதி சேர்க்க உட்கார்ந்துவிடுவாள். ஞானதுரை காபி டம்ளரோடு எதிர் நாற்காலியில் உட்காருவார். முடிகிற வரை எழுந்திருக்க மாட்டார்.

"நீ பாட்டு வாசிக்கிறதவிட, முறுக்கி முறுக்கிச் சுதி சேக்குறீல்ல, அதான் ஆத்தா எனக்குப் பிடிச்சிருக்கு" என்று ஒருநாள் சொன்னார். பதினோரு வருஷம் வெளிநாட்டில் படாத பாடு பட்டுக் கற்ற வித்தைக்குக் கிடைத்த பாராட்டு இதுவா என்று அவள் சிரித்துவிட்டாள்.

அம்மா ஜெபமணி வாய்விட்டுச் சொல்லிவிடுகிற ஆள். "இங்கனயே இருந்துரேன் பிள்ள. அங்கன பனியில போயி என்னத்தக் கண்ட?" என்று நாளுக்கொரு தடவை கேட்டாள். அப்பா ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. போ என்றும் சொன்னதில்லை, போகாதே என்றும் சொன்னதில்லை. பிரின்சி அதைப் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மதுரைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. முன்பே ஒப்புக்கொண்ட கல்யாணம், தட்ட முடியாது. பெட்டியோடு வீட்டை ஒட்டிய குடோன் வழியாக வந்தாள். உள்ளே அப்பா, வேலையாள் சங்கிலியைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஈரம் பட்ட ஏலக்காயைத் திரும்பக் காயவைக்க அங்கே ஒரு சூட்டுக்காற்று மெஷின் உண்டு. சங்கிலி அதில் சூட்டை ஏற்றிவிட்டிருந்தான் போலிருக்கிறது.

"ஏலே, ஒனக்கு எத்தன தடவடா சொல்றது? அவசரப்பட்டுக் காய வச்சா வெடிச்சுப்போகும். வெடிச்ச காய எவன்டா வாங்குவான்? மெதுவா ஏத்து, மெதுவா எறக்கு!"

மகளைப் பார்த்ததும் குரல் தணிந்தது.

"ஜன்னலத் தெறக்க விட்றாதீங்கப்பா" என்றாள் பிரின்சி. "சாரல் உள்ள வரக் கூடாது. ஈரம் ஏறாமப் பாத்துக்கங்க, அது போதும்."

"நாப்பது வருசமா ஈரத்தோட மல்லுக்கட்டுறவன்ட்டச் சொல்றியா? போயிட்டு வா ஆத்தா."

வியாழக்கிழமை மதியம் திரும்பி வந்தாள். வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் பெருமை.

"வந்து பாரு. ஒங்கப்பா குடோன் மெஷினையே தூக்கியாந்து உள்ள வச்சிருந்தாக. ரெண்டு நாளா வீடு பூரா கதகதன்னு இருந்துச்சு. ஈரம்னா என்னன்னு கேக்கும்."

பிரின்சி செருப்போடு உள்ளே ஓடினாள். மெஷின் ஓய்ந்திருந்தது. அறையில் சூட்டோடு ஏலக்காய் வாசம் அடித்தது. சுவரில் மாட்டியிருந்த ஈரம் காட்டும் மீட்டரின் முள், அவள் ஒருநாளும் பார்த்திராத மூலையில் கிடந்தது. மூடியைத் தூக்கினாள். பலகையில், இடது ஓரத்தில், மர ரேகையோடு ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். நகம் நுழையும்போல இருந்தது. அதற்கு மேலே போகும் கனத்த தந்தியின் கட்டையை ஒரு விரலால் அழுத்தினாள். சுருதிக்குப் பதிலாகக் கண்ணாடி டம்ளரில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஒரு இரைச்சல் வந்தது.

ஈரம் கூடாது என்று ஆயிரம் தடவை சொன்னவள், காய்ந்தாலும் கெடும் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. தப்பு என்மேல்தான், பாவம் அந்த மனுஷன் நல்லது நினைத்துச் செய்துவிட்டார் என்று தன்னைத்தானே நொந்துகொண்டு, வாத்தியத்தைச் செய்த ஹாலந்துக்காரரைப் போனில் பிடித்தாள்.

"பசை எதுவும் போடாதே" என்றார் அவர். "ஈரத்தை மெதுவாகத் திரும்பக் கொடு. மரம் உப்பி, விரிசல் தானே சேர்ந்துகொள்ளும்."

"எவ்வளவு நாளில்?"

"முழுதாகச் சேர ஒரு மாதம். அவசரப்பட்டால் இன்னொரு இடத்தில் பிளக்கும்."

"சனிக்கிழமை வாசிக்கணும்."

"ஜெபம் செய்கிற வழக்கம் உண்டல்லவா உனக்கு?" என்று கேட்டார்.

ஜெபம் ஒரு பக்கம் நடக்கட்டும் என்று பிரின்சி அம்மாவின் சேலைகளை வாரிக்கொண்டு வந்தாள். கோடையில் ஜன்னலில் ஈரச்சேலை கட்டுவது எல்லார் வீட்டிலும் உள்ளதுதானே. அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, நனைத்துப் பிழிந்த சேலைகளைத் தொங்கவிட்டாள். நேற்றுவரை விரட்டியடித்த ஈரத்தை இன்றைக்குத் தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டியதாயிற்று.

குடோனிலிருந்து வந்த ஞானதுரை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "பலகை வெடிச்சிருச்சா?" என்றார்.

"லேசாத்தான்ப்பா. சரியாயிரும்."

அவர் சட்டையைக் கழற்றிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டார். அவள் ஒரே நேரத்தில் நாலைந்து துணிகளை எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இம்புட்டு வேண்டாம். ஒண்ணொண்ணா ஏத்து. அவசரப்பட்டா மறுபடியும் வெடிக்கும்."

பிரின்சி கையில் துணியோடு நின்றாள். விரிசல் என்று அவள் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவே இல்லை. மூடியும் சாத்திக் கிடந்தது. வந்ததும் வராததுமாக, பலகை வெடித்ததா என்று இவர் எப்படிக் கேட்டார்? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அதன் பின்னாலேயே வந்தது. செவ்வாய்க்கிழமை சங்கிலியைத் திட்டிய அதே வாய்தானே இது? அவசரமாகக் காயவைத்தால் வெடிக்கும் என்பது இந்த வீட்டில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். நாற்பது வருஷ வியாபாரிக்குத் தெரியாமலா போகும்?

அவள் கேட்கவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால், அந்த ஆமாமை எங்கே கொண்டுபோய் வைப்பது? இந்த மனுஷன்தான், ஊரே பொம்பளைப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பாதே என்று சொன்னபோது கொச்சி விமான நிலையம்வரை வந்து ஏற்றிவிட்டவர். அவரைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் சந்தேகம் போகவில்லை. அவர் துணி பிழிவதை ஓரக்கண்ணால் பார்த்தபடியே இருந்தாள். விரிசல் ஒரு பயம், அப்பா ஒரு பயம். இரண்டில் எது பெரிது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க அப்பாவும் மகளும் அந்த அறையை விட்டு நகரவில்லை. அவர் துணி காயக் காய எடுத்து நனைத்துப் போட்டார். மீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினார், குறைத்தார். ஏலக்காய் மூட்டைக்குக்கூட அவ்வளவு பக்குவம் பார்த்திருக்க மாட்டார். சாயங்காலம் விரிசல் மயிரிழை அளவுக்கு வந்திருந்தது. ஆனால் ஈரம் ஏற ஏறச் சுருதியும் ஏறியது. ஒரு கோடியில் சேர்த்து மறு கோடிக்குப் போவதற்குள் முதல் கோடி ஓடிப்போயிருக்கும். அந்த இடது ஓரத்துக் கட்டை மட்டும் நாலு தடவை அழுத்தினால் ஒரு தடவை இரைந்தது. எந்தத் தடவை என்பதுதான் தெரியவில்லை.

இந்த வாத்தியத்தில் ஒரு கொடுமை உண்டு. மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஒரே அளவுதான். பியானோக்காரர் சந்தேகமான சுரத்தைத் தடவிக்கொடுத்துத் தப்பித்துவிடலாம். ஹார்ப்சிகார்ட்காரிக்கு அந்த வழி கிடையாது. ஜெர்மன் குழு வாசிக்கச் சொல்லி அனுப்பியிருந்த இரண்டு பாடங்களில் இரண்டாவது முடிவதும் அந்தக் கட்டையில்தான்.

சனிக்கிழமை மதியம் லேப்டாப்பில் மூன்று முகங்கள் தோன்றின. நடுவில் குழுவின் தலைவி ஹன்னா, நரைத்த தலை, சிரிக்காத வாய். அவர் கண் பிரின்சியைத் தாண்டிப் பின்னால் போயிற்று. சிவப்பும் பச்சையுமாகச் சேலைகள், இரண்டு வேட்டிகள், அம்மா சர்ச்சுக்குப் போர்த்திக்கொண்டு போகிற துப்பட்டி ஒன்று.

"துணி காயப்போட்டிருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மழைக்காலம்" என்றாள் பிரின்சி. கடைசிச் சேலைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. பக்கத்தில் வாளி. வெளியே போய்விடுங்கள் என்று சொல்லியிருந்தாள். போகவில்லை.

முதல் பாடம் தனி வாசிப்பு. விரல்கள் பழகிய தடத்தில் இறங்கின. முடித்தபோது ஹன்னா எதையோ எழுதிக்கொண்டார். இரண்டாவதில் அவர்கள் ஒரு வயலின் பதிவை ஓடவிட்டார்கள். கீழ்ச்சுரங்கள் மட்டும் எழுதப்பட்டிருக்கும், மேலே என்ன வாசிப்பது என்பதை அந்த நிமிஷத்தில் அவளே முடிவு செய்ய வேண்டும். இதுதான் அவளுடைய தொழில், இதில் அவள் யாருக்கும் இளைத்தவள் இல்லை. வயலின் தயங்கிய இடத்தில் இவள் தாங்கினாள், அது துள்ளிய இடத்தில் விலகி வழிவிட்டாள். கொஞ்ச நேரம் விரிசலையும் மறந்தாள், அப்பாவையும் மறந்தாள். கடைசிச் சுரம் வந்தது. இடது சுண்டுவிரல் அந்தக் கட்டைமேல் இறங்கியது.

வண்டு இரைந்தது.

ஹன்னா தலையை நிமிர்த்தினார். "அது என்ன சத்தம்?"

"பலகையில் ஒரு விரிசல். இரண்டு நாள்தான் ஆகிறது."

"எப்படி ஆனது?"

சேலைக்குக் கீழே இருந்த பாதங்கள் அசையவில்லை. பிரின்சி திரும்பிப் பார்க்கவும் இல்லை. "வெதர்" என்றாள். வானிலை.

திங்கட்கிழமை சொல்கிறோம் என்றார்கள். திரை அணைந்தது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சேலையை விலக்கிக்கொண்டு ஞானதுரை வந்தார். கொச்சிக்காரரோடும் வடநாட்டுக்காரரோடும் வியாபாரம் பேசுகிறவர், அவளுடைய ஆங்கிலம் அவருக்குப் புரியாமல் இருக்குமா?

"வெதர் இல்ல ஆத்தா" என்றார்.

அவள் வாத்தியத்தின் மூடியைச் சாத்தினாள்.

"மொதல்ல நெசமாத்தான் வச்சேன், ஈரம் போகட்டும்னு. மீட்டரு எறங்கிருச்சு. போதும்னு தெரிஞ்சுச்சு. நிப்பாட்டத்தான் போனேன். போன கையி சூட்டக் கூட்டிருச்சு." அவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போயிட்டா காலையில இந்தச் சுதி சேக்குற சத்தம் இருக்காதுல்ல. அம்புட்டுத்தான் ஓடுச்சு மண்டைக்குள்ள. டப்புன்னு ஒரு சத்தம். ஓடிப்போயி அணைச்சேன். அணைச்சு என்ன செய்ய? பெத்த பிள்ள கைய ஒடிச்சவன் மாதிரி ஆயிப்போச்சு."

பிரின்சிக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா! வாயத் தொறந்து ஒரு வார்த்த!"

"சொன்னா நீ இருந்திருப்ப" என்றார். "அதான் சொல்லல."

அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவரோடு ஒரே காரில் போய் வந்தும் ஒரு பேச்சு இல்லை. அன்று காலை அவள் சுருதி சேர்க்க உட்காரவும் இல்லை. ஞானதுரை வழக்கம்போலக் காபி டம்ளரோடு வந்து, மூடிய வாத்தியத்துக்கு எதிரே உட்கார்ந்தார். காபி ஆறியது. அம்மா ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறித் திட்டினாள். துணி போடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாக நனைத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை ஹன்னாவே போன் செய்தார். வேலை அவளுக்குத்தான். செப்டம்பரில் வந்து சேர வேண்டும். முடிந்தால் அந்த வாத்தியத்தையும் கொண்டுவரச் சொன்னார், விரிசலைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் உண்டாம். அம்மா கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிரின்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாத்தியம் இருந்த முன்னறைக்கு வந்தாள். அப்பா ஒரு வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

"எப்பப் போகணும்?"

"செப்டம்பர்ல."

அவர் வேட்டியை உதறிக் கொடியில் போட்டார். சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டார். அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"பொட்டிய நாங் கட்டித் தாரேன். கடல் தாண்டிக் காய் அனுப்புறவன் நான். ஈரமும் ஏறாது, சூடும் ஏறாது."

பிரின்சி அவர் கைகளைப் பார்த்தாள். நாலு நாள் தண்ணீரிலேயே கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மூடியைத் தூக்கினாள். விரிசல் இருந்த இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டையை ஒரு தடவை அழுத்தினாள், இன்னொரு தடவையும் அழுத்தினாள். சுத்தமாகத்தான் பேசியது.

"கட்டுங்கப்பா" என்றாள். "ஆனா கட்டி முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்துலயே இருப்பேன்."

ஞானதுரை தலையை ஆட்டினார். கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

"இரு ஆத்தா" என்றார். "எங் கைய நம்பித் தனியா மட்டும் விட்றாத."